பத்தொன்பதாவது எலக்ட்ரான்

“தப்பும்மா. மறுபடியும் போடு” என்றாள் மகள்.

அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். நாள் முழுக்க நின்ற கால்கள் கெஞ்சின. நோட்டில் நான்காவது முறையாக அவள் எழுதியிருந்ததை மகள் அடித்திருந்தாள். பொட்டாசியம்: 2, 8, 9.

“மொத்தம் பத்தொன்பது எலக்ட்ரான். கூட்டினா சரியாத்தானே வருது? மூணாவது கூட்டுல பதினெட்டு வரைக்கும் இடமிருக்குன்னு நீதானே சொன்னே?”

“இடமிருக்கு. ஆனா கடைசிக் கூட்டுல எட்டுக்கு மேல நிக்காதும்மா. மிச்சம் ஒண்ணு அடுத்த கூட்டுக்குப் போயிடும்.”

“இந்த வயசுல எனக்கு இது தேவையா? மண்டையில ஏறவே மாட்டேங்குது.”

“ஏறும். எழுது.”

அம்மா மெதுவாக எழுதினாள். 2, 8, 8, 1. மகள் ‘டிக்’ போட்டாள்.

அம்மாவின் முகம் மலரவில்லை. எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, போன வாரப் பரீட்சையில நீ இதைத்தானே எழுதியிருந்தே?”

“ஆமா.”

“நான் அதை அடிச்சுட்டு முட்டை போட்டேனே!”

“மத்தவங்க எல்லாருக்கும் முழு மார்க் போட்டே. நீ போர்டுல எழுதினதை அப்படியே எழுதியிருந்தாங்க.”

வேதியியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய் மூன்று மாதம் ஆகிறது. அவர் வகுப்பு, வரலாறு நடத்தும் அம்மாவின் தலையில் விழுந்திருந்தது.

“அப்பவே எழுந்து சொல்லியிருக்கலாமே?”

மகள் நோட்டை மூடினாள்.

“முப்பத்தெட்டு பேர் முன்னாடி எங்க டீச்சரை எப்படிம்மா விட்டுக்கொடுக்கிறது?”