சகலை காரில் முளைத்த குழாய்

சகலையின் பழைய கார் முகப்பில் ஒரு குழாய் முளைத்திருந்ததைப் பார்த்த நாளிலிருந்து மேலாளருக்குச் சோறு இறங்கவில்லை. அவரிடமும் அதே வயசுக் கார்தான்.

“எஞ்சினுக்குக் குளிர்ந்த காத்து போக வழி பண்ணியிருக்கான். அதான் மேட்டுல என்னை முந்திட்டுப் போறான்.”

“என் தங்கச்சி வீட்டுக்காரர்தானே, அவர்கிட்டயே கேளுங்களேன்,” என்றாள் மனைவி.

“நான் போய் அவன்கிட்டக் கேக்கறதா?”

ஞாயிற்றுக்கிழமைகள் பானெட்டுக்கு அடியில் கழிந்தன. தண்ணீர்க் குழாயைச் சூடுகாட்டி வளைத்தார். மனைவியின் மாவுச் சல்லடை, தூசி வடிகட்டியாகப் பதவி உயர்வு பெற்றது.

“இந்தக் கார்ல ஏசியும் இல்ல. உக்காந்தா எனக்கு வேர்த்துக் கொட்டுது,” என்றாள் அவள்.

“கைக்குட்டை எதுக்கு இருக்கு? முதல்ல எஞ்சின் மூச்சு விடட்டும்.”

வேலை முடிந்ததும் மனைவியோடு நேரே சகலை வீட்டுக்குப் போய்ப் பானெட்டைத் திறந்து காட்டினார்.

“பாத்துக்கோ. உன் குழாயைவிட ரெண்டு மடங்கு பெருசு.”

சகலை குனிந்து பார்த்தார். “இதை ஏன் எஞ்சினுக்குக் குடுத்திருக்கீங்க?”

“பின்னே, உன்னுது எங்க போகுதாம்?”

சகலை தன் கார்க் கதவைத் திறந்தார். குழாயின் மறுமுனை, முன்னால் அவர் மனைவி உட்காரும் சீட்டைப் பார்த்து நின்றது.

வாசலில் நின்ற மனைவியைக் காட்டினார். “இவளுக்கு வெக்கை ஆகாது. அதான்.”

மேலாளரின் மனைவி தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பும் வழியெல்லாம் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே வந்தாள். வீடு நெருங்கியதும் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“எஞ்சினுக்கு வேர்க்கலையே?”