ஹர்த்தால் கட்டுரைக்கு ஒரு சாட்சி

"அப்பா, ஹர்த்தாலால நஷ்டப்பட்ட ஒரு ஆளச் சொல்லுங்க. ஒரே ஒரு ஆளு போரும்!"

பேனாவும் பேப்பருமாக வந்து நின்ற மகள் லிஜாவைப் பார்த்து, ராஜதாஸ் சாயாவை ஊதிக்கொண்டே சிரித்தார். கேட்டாளே யாரிடம்! கடையும் வண்டியும் ஓடக்கூடாதென்று கட்சி ஹர்த்தால் அறிவித்துவிட்டால், கேரள எல்லையோரத்துக் காரோடு என்கிற அந்த ஊரிலிருந்து முதல் ஆளாக ரோட்டில் இறங்கிக் கைகாட்டி வண்டிகளை நிறுத்துகிறவரே அவர்தான்.

"எங்க ஹர்த்தாலால ஒருத்தருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்ல மக்கா. ஆஸ்பத்திரி வண்டி, கல்யாண வண்டி எல்லாத்தையும் விட்டுருவோமாக்கும். நீ வேற தலைப்பு எடு."

"சீட்டுக் குலுக்கிப் போட்டு எனக்கு விழுந்த தலைப்பாக்கும் இது. ஹர்த்தால் வேண்டாம்ணு நான் வாதாடணும்."

பிளஸ் ஒன் வகுப்பில் சரோஜம் டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். பத்திரிகைச் செய்தியை ஆதாரமாகக் காட்டலாம், கோர்ட்டுத் தீர்ப்பையும் காட்டலாம். ஆனால் பாதிக்கப்பட்ட ஓர் ஆளை நேரில் கேட்டு எழுதாத கட்டுரையைக் கையால்கூடத் தொடமாட்டாராம். நாளைக் காலையில் கொடுத்தாக வேண்டும். செய்தியும் தீர்ப்பும் லிஜாவிடம் தயாராக இருந்தன. ஆள்தான் அகப்படவில்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். கோழிக்கடை ஷாஜியைக் கேட்டால், "நஷ்டமா? ஹர்த்தாலுக்கு முந்தின நாளுதான் எனக்கு நல்ல கச்சவடம், ரெண்டு மடங்கு விக்கும்!" என்கிறார். பஸ் ஓட்டுகிற விபின் அண்ணனோ, "அண்ணைக்கு ஒரு நாளுதான் நான் நிம்மதியா உறங்குவேன், அதையும் கெடுத்துராத" என்று கும்பிடுகிறான். அவசரக்காரர்கள் எப்படியாவது எல்லையைத் தாண்டி, களியக்காவிளையில் தமிழ்நாட்டு பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். இப்படியும் ஒரு ஊர் இருக்குமா! லிஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கண்டியா? நான் அப்பவே சொன்னேன்" என்றார் ராஜதாஸ். "நஷ்டப்பட்ட ஒரு ஆளக் கொண்டு வா. பின்ன நான் ஹர்த்தாலுக்கு ரோட்டுல இறங்கவே மாட்டேன். சத்தியமா!"

அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஷைனி, கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். நெய்யாற்றின்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். இன்றைக்கு லீவு.

"எழுது மக்கா. நான் சொல்லுதேன்."

"நீங்களா அம்மா? உங்களுக்கு என்ன நஷ்டம்?" லிஜாவின் கண் விரிந்தது.

"நான் நர்சிங் படிச்சு முடிச்ச சமயம். சவுதியில இருந்து ஆளெடுக்க வந்திருந்தாவ. திருவனந்தபுரத்துல ஒரே ஒரு நாளு இன்டர்வியூ. அண்ணைக்குன்னு பாத்து ஹர்த்தாலு. எங்கப்பா ஓடியலைஞ்சு ஒரு காரு பிடிச்சாரு. பாறசாலை தாண்டல்ல, ஒருத்தன் வண்டிக்குக் குறுக்க வந்து நின்னுட்டான்."

"ஆஸ்பத்திரி வேலைக்காக்கும் போறேன்னு சொல்லல்லியா?" பேனா பேப்பரில் பறந்தது.

"சொன்னேன். சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்துக் காட்டினேன். அழுதுகூடப் பாத்தேன். 'நாளைக்குப் போ கொச்சே, சவுதி எங்கயும் ஓடிப்போவாது'ண்ணு சொல்லிச் சிரிச்சான். மத்த பிள்ளைங்க எல்லாம் போய் அங்க வீடும் நிலமுமா நல்லா இருக்காவ. எனக்கு அந்த ஒரு நாளோட எல்லாம் போச்சு."

ராஜதாஸின் முகம் சிவந்துவிட்டது. சாயா கிளாஸை ணங்கென்று மேசையில் வைத்தார். அப்பா இவ்வளவு கோபப்பட்டு லிஜா பார்த்ததே இல்லை.

"மனுசனா அவன்? ஒரு பொம்பளப் பிள்ளைக்க வயித்துல அடிச்சுட்டானே பாவி! இவனுவளாலதான் கட்சிக்கே கெட்ட பேரு. நம்ம ஆளா? பேரச் சொல்லு ஷைனி, இண்ணைக்கே போய் நாலு கேள்வி கேக்கேன்!"

"ஆமா அம்மா, பேரு வேணும். டீச்சர் கேப்பாவ."

ஷைனி கணவனை நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளிடம் திரும்பினாள்.

"அண்ணைக்கு எனக்குப் பேரு தெரியாது மக்கா. அந்த வருசமே என்னைப் பெண்ணு காண வந்தாரு. அப்போதான் தெரிஞ்சுது."