முதல் பெண் பட்டதாரியின் படம்

நூற்றைம்பது ஆண்டு கண்ட சட்டக் கல்லூரி அது. அங்கே படித்துப் பேர் வாங்கியவர்களின் படங்கள் மண்டபச் சுவரில் வரிசையாக இருந்தன. அன்று திறக்கவிருந்தது, அங்கே பட்டம் பெற்ற முதல் பெண்மணியின் ஓவியம்.

அதை வரைந்த ஓவியருக்குக் காலையிலிருந்தே ஒருவரை நினைத்துத்தான் பயம். அந்த அம்மாளை நேரில் பார்த்தவர்களில் மிஞ்சியிருந்தவர் அவருடைய தம்பி மகன் ஒருவர்தான். அவரும் அங்கேயே படித்து, நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சிகளைத் துருவி எடுப்பதில் பேர் போனவர்.

திரை விலகியது. நீதிபதி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஓவியத்தின் அருகே போனார்.

“ஏதாவது குறை இருந்தா சொல்லுங்கய்யா, திருத்திடலாம்” என்றார் ஓவியர்.

“குறையா? அச்சு அசல் எங்க அத்தையேதான். இந்தப் பார்வைக்கு முன்னாடி நின்னா பொய் வாயில வராது.”

“அது வாஸ்தவங்க” என்றார் ஓவியர், மனதார.

கைதட்டல் ஓய்ந்ததும் ஓவியர் வராந்தாவுக்கு நழுவி வீட்டுக்குப் போன் போட்டார். கல்லூரி கொடுத்திருந்த ஒரே புகைப்படத்தில் அந்த அம்மாளின் முகத்தைக் கரையான் தின்றிருந்தது. ஒரு வாரம் அசையாமல் உட்கார்ந்து ஓவியத்துக்கு முகம் கொடுத்தவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவருடைய மாமியார்.

போனை எடுத்தவரும் மாமியார்தான்.

“தப்பிச்சோம் அத்தை. நீதிபதியே ஒத்துக்கிட்டார்.”

“ஒத்துக்காம என்ன மாப்பிள்ளை? அவரும் நம்ம காலேஜ்ல படிச்ச பிள்ளைதானே.”