ஒன்றரை மீட்டர்

புறவழிச்சாலை வேலைக்கு மண் லாரிகள் ஓடத் தொடங்கியதுமே, பக்கத்திலிருந்த பார்வையற்ற பெண்கள் பள்ளியில் கிரிக்கெட் நின்றுபோனது. பந்துக்குள் குலுங்கும் மணிகளின் சத்தத்தை வைத்துத்தான் அந்தப் பெண்கள் ஆடுவார்கள். ஒலித்தடுப்புச் சுவருக்குப் பொறுப்பான பொறியாளர் மங்கையர்க்கரசி, மைதானத்தில் மூன்று நாள் சத்தத்தை அளந்துவிட்டு, சுவர் இன்னும் ஒன்றரை மீட்டர் உயர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள்.

"ரோடு போடச் சொன்னா கோட்டை கட்டுறீங்களேம்மா!" என்றார் மேலதிகாரி.

"ஒரு நாள் அங்க வந்து கண்ண மூடிக்கிட்டு நில்லுங்க சார்."

அவரும் வந்து நின்றார். கால் மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தவர், அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

திறப்பு விழாவன்று ரிப்பன் வெட்டி வண்டிகள் பாயத் தொடங்கியபோது, மங்கையர்க்கரசி பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். அடிபட்ட பந்து கலகலவென்று புல்லில் உருண்டு வந்தது. ஒரு பெண் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு நேராக ஓடிவந்து, மங்கையர்க்கரசியின் காலடியில் விழுந்து பந்தைப் பிடித்தாள்.

"யாருங்க நடுவுல? தள்ளி நில்லுங்க!"

மங்கையர்க்கரசி நெஞ்சு நிமிரத் தள்ளி நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம், பொன்னாடை போர்த்துவதற்காக ஒலிபெருக்கியில் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். அவள் காதில் விழவே இல்லை.