கெட்ட பிள்ளையாக ஒரு நாள்

நகர கவுன்சில் அதிகாரி வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு, டோனா சமையலறைக்குப் போய் வாஷிங் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள்.

அவள் மகன் டெக்லனுக்கு அந்த மெஷின் சுற்ற வேண்டும். வயது பதினாலு. பேச்சு வராது. அம்மாவைவிட ஒரு தலை உயரம். மெஷின் முன்னால் தன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அவனைப் போல் சாது கிடையாது. நின்றால் வீடு இரண்டுபடும்.

இன்று இரண்டுபட வேண்டும் என்றுதான் டோனா பிளக்கைப் பிடுங்கினாள்.

எல்லாம் பக்கத்து வீட்டு பௌலின் கொடுத்த யோசனை. தன் மகளுக்காக இதே பாட்டைப் பட்டு முடித்தவள்.

"பள்ளிக்கூடத்துக்காரங்க பார்க்க வந்தா பிள்ளையைத் தங்கம்னு காட்டணும். இல்லேன்னா எங்களால சமாளிக்க முடியாதும்பாங்க. கவுன்சில்லேர்ந்து வந்தா அரக்கன்னு காட்டணும். இல்லேன்னா நீயே வெச்சுக்கோம்பாங்க. புரிஞ்சுதா கண்ணு?"

"பெத்த பிள்ளையை எப்படி பௌலின்?"

"லார்க்ஃபீல்ட் உனக்கு வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். டோனா ஏறி இறங்காத பள்ளி இல்லை. கடலோரத்தில் இருக்கும் லார்க்ஃபீல்டில் மட்டும்தான், அலறிக்கொண்டு ஓடிய ஒரு பெண்ணைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு ஆள் அவள் கூடவே ஓடினான், அவ்வளவுதான். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கலாம். போன வாரம் அந்தப் பள்ளிக்காரர்கள் வந்து பார்த்தபோது மெஷின் நிற்காமல் ஓடியது. டெக்லன் தங்கமாக இருந்தான். சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

செலவை ஏற்க வேண்டியது கவுன்சில்.

ஏற்காவிட்டால் டெக்லன் வீட்டில்தான் இருப்பான். அவன் தங்கை மெய்சி ஆறு வயதில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குவாள். மாடிப்படியில் அவன் தள்ளிவிட்டதில் ஒடிந்த அவள் கைக்கு இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது. கட்டுப்போட்ட கையோடு மெய்சி ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு மாடிக்குப் போனாள்.

கவுன்சில் அதிகாரி மிசஸ் விட்டேக்கர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "டீ வேண்டாம்" என்றார். "கல்நெஞ்சுக்காரி, எதுக்கும் மசியமாட்டா" என்று பௌலின் சொன்னது சரிதான் போலிருந்தது.

"இங்கேயே பகல் நேரப் பள்ளி இருக்கே. சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். எதுக்கு அவ்வளவு தூரம் அனுப்பணும்?"

"சாயங்காலம்தான் மேடம் பிரச்சனையே. கடிப்பான். ஜன்னலை உடைச்சிருக்கான். தங்கச்சி கையை ஒடிச்சுட்டான்."

"அவனை வெச்சுக்கிட்டே இதெல்லாம் சொல்றீங்களே?"

"அவனுக்குப் புரியாது மேடம்."

புரியாது என்று டோனாவுக்கு நிச்சயமாகத் தெரியாது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றாத மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்போது வேண்டுமானாலும் எழுவான். கத்துவான். கடிக்கத் தன் கையைத்தான் கொடுக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

டெக்லன் எழுந்தான். டோனா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

"வேற என்னென்ன செய்வான்?" என்றார் மிசஸ் விட்டேக்கர்.

"எச்சில் துப்புவான். ராத்திரியெல்லாம் கத்துவான். என்னை, என்னை ஒருநாள்..."

அதற்கு மேல் முடியவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனை இப்படிக் காட்டிக்கொடுக்கிறோமே என்று இருந்தது. வந்தவர் முன்னால் அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

டெக்லன் அவளைப் பார்த்தான். கிட்டே வந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். யாரையும் உட்காரவிடாத தன் ஸ்டூலில் அவளை அமுக்கி உட்கார வைத்தான். அவள் தலையைத் திருப்பி மெஷினின் கண்ணாடியைப் பார்க்க வைத்தான். பிறகு தோளில் கையை வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே சும்மா நின்றான்.

தனக்கு அழுகை வந்தால் எது ஆற்றுமோ, அதை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டான்.

பிறந்ததிலிருந்து அவன் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. இதற்காகத்தான் அவள் இத்தனை வருஷம் ஏங்கினாள். இன்றைக்கா வர வேண்டும்? இந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதா? 'சாதுவான பிள்ளை, தாயிடம் பாசமாக இருக்கிறான், வீட்டிலேயே இருக்கட்டும்' என்று எழுதிவிடுவார். முடிந்தது. இனி மெய்சிக்கு அந்த உள்தாழ்ப்பாள்தான்.

மிசஸ் விட்டேக்கர் பேனாவை மூடினார். குனிந்து, தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தார்.

"நீங்கதானே பிடுங்கினது?"

டோனா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"இந்த வேலைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஒரு வீட்டுல டிவியை அணைச்சு வெச்சிருப்பாங்க. ஒரு வீட்டுல பிள்ளைக்குக் காலைல சாப்பாடே குடுத்திருக்க மாட்டாங்க. நான் வர்ற அன்னிக்கு எதையும் பிடுங்காத அம்மாவை இன்னும் நான் பார்க்கல."

"மன்னிச்சுக்குங்க மேடம். மத்த நாள்ல இவன் நிஜமாவே..."

"தெரியும். உங்க பொண்ணு கைக்கட்டை வரும்போதே பார்த்தேன்."

அவர் கதவு வரை போய்த் திரும்பினார். குரல் அப்போதும் கறாராகத்தான் இருந்தது.

"இன்னிக்கு என்னைக் கடிச்சுட்டான்னு எழுதிக்கறேன். லார்க்ஃபீல்டுக்கு அனுப்ப அது போதும். நீங்க போய் முதல்ல மெஷினைப் போடுங்க. உங்களுக்கு அழுகை நிக்கணுமேன்னு பிள்ளை காத்துக்கிட்டு நிக்கறான்."