அட்டைப்பெட்டிக்குள் பியர்

“அலன் அண்ணன், அந்தப் பெட்டிக்குள்ள கைய விடாதீங்க. உள்ள என்னவோ அசையுது.”

வாவிக்கரையில் இருந்த எங்கள் விடுதியின் களஞ்சிய அறைக்குள் புகுந்த வெள்ளம் முதல்நாள்தான் வடிந்திருந்தது. அன்றிலிருந்து மூலைமுடுக்கெல்லாம் பாம்பு. நான் வாசற்படியைத் தாண்டவில்லை. முதலாளி அலன் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“பியர் டின் உருளுற சத்தம் அது, யசோ. நடுவில தடுப்பு வைக்காம அடுக்கியிருக்கானுகள்.”

“பிளாஸ்டிக் கூடையில எடுப்பம் எண்டு அப்பவே சொன்னனே.”

“இது சின்ன ஆலையில பக்குவமாக் காய்ச்சின பியர் புள்ள. அட்டையெண்டா பாரமில்ல, பாக்க வடிவு. வெள்ளைக்காரன் பெட்டியோட வாங்குவான்.”

“நனைஞ்சா?”

“கிழியும். அதுக்காகப் பாம்பு குடியிருக்குமா, பயந்தாங்கொள்ளி?”

ஊறிக் கிழிந்திருந்த மூலைக்குள் கையை விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஆ!”

திறந்து பார்த்தேன். கையில் ஒரு டின்னோடு சிரித்துக்கொண்டிருந்தார். விரல் நுனியில் இரத்தம்.

“பெட்டிய ஒட்டாம அடிச்சு மூடின கம்பி குத்திட்டு. அட்டையில இதுதான் கரைச்சல். மிச்சத்தத் துடைச்சு அடுக்கு.”

டின்னை உடைத்துக் குடித்தபடி வெளியே போனார். எனக்கு வெட்கமாகிவிட்டது. உள்ளே போய், அந்தக் கம்பி என்னையும் குத்திவிடக் கூடாதென்று முதலில் அதைத் தேடினேன்.

மேலே இல்லை. பக்கங்களில் இல்லை. கூட்டுகிற தும்புத்தடியால் பெட்டியைச் சரித்து அடியையும் பார்த்தேன்.

முழுப் பெட்டியையும் பசையால்தான் ஒட்டியிருந்தார்கள்.