பரம்பரைக் குளிர்

மகளுக்குப் பார்த்த சம்பந்தம் பெரிய இடம் என்று தெரிந்ததும் நெவில், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரை அணைத்தார். நல்ல ஸ்வெட்டரின் முழங்கையில் கத்திரிக்கோலால் ஓட்டை போட்டார். பக்கத்து வீட்டு நாயின் முடியை வாங்கிவந்து சோபாவில் தூவினார்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றாள் மனைவி மவ்ரீன்.

"இந்த ஊர்ப் பரம்பரைப் பணக்காரங்க வீடு இப்படிக் குளிரும் கிழிசலும் நாய்முடியுமாத்தான்டி இருக்கும். பளபளன்னு இருந்தா நேத்து வந்த பணம்னு கண்டுபிடிச்சு, கல்யாணத்தை நிறுத்திடுவாங்க."

சேறு படிந்த பழைய காரில் சம்பந்தி டெஸ்மண்ட் வந்து இறங்கினார். கிழிந்த ஸ்வெட்டர், அதில் எங்கு பார்த்தாலும் நாய்முடி. நெவிலுக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லோரும் நடுங்கிக்கொண்டே டீ குடித்தார்கள். டெஸ்மண்ட் விடாமல் தும்மினார்.

"மன்னிக்கணும் சம்பந்தி. நாய்முடி எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஆகாது."

"அப்போ உங்க ஸ்வெட்டர்ல இருக்கிறது?"

டெஸ்மண்ட் தலைகுனிந்தார். "பக்கத்து வீட்டு நாயோடது."

நெவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மவ்ரீன், ஹீட்டரைப் போடு. நம்ம ஆளுங்கதான்."